வேலைக்கு நட்ட மரங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை புதுச்சேரிக்கு வந்து இறங்கும் குடும்பங்களுக்கு ஊருக்குள் பூங்கா என்றால் முக்கியமாக இரண்டுதான். ஒன்று, பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தாவரவியல் பூங்கா. பிள்ளைகளுக்குச் சிறுவர் ரயில், பெரியவர்களுக்கு நிழல். மற்றொன்று, ஆளுநர் மாளிகைக்கு எதிரே, நடுவில் வெள்ளை மண்டபம் நிற்கும் பாரதி பூங்கா. கொஞ்சம் தூரம் போகத் தயாராக இருப்பவர்கள் ஊசுட்டேரிக்கோ, ஆரோவில்லுக்கோ, கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்கோ வண்டியைத் திருப்புவார்கள். இன்று எல்லாமே பொழுதுபோக்கும் இடங்கள். ஆனால் பொழுதுபோக்கு மட்டுமே நோக்கமாக உருவான இடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒன்று குடிநீரை ஒட்டி வந்தது, ஒன்று வியாபாரத்துக்கு வந்தது. ஒன்று பாசனத்துக்கு, ஒன்று சாமிக்கு, ஒன்று அரித்துப்போன மண்ணைப் பிடித்து நிறுத்த. இப்போது சுவடே இல்லாமல் போய்விட்ட இன்னொன்றும் உண்டு. அது போருக்கு வந்தது.

18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரிக்கு அரண்கள் பல. நடுவில், பிரான்சுவா மர்த்தேன் ஆளுநராக இருந்தபோது எழும்பி 1706இல் முடிந்த லூயி கோட்டை. பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் தூர்னே நகரத்துக்குப் போட்ட திட்டத்தை ஒட்டி அமைந்த ஐங்கோணக் கோட்டை அது. கோட்டையைச் சுற்றி ஊர், ஊரைச் சுற்றி மதில். மதிலையும் தாண்டி, வயல்களும் கிராமங்களும் உள்ளே அடங்கும்படி வளைந்து கிடந்தது கடைசி அரண். அது கல் அல்ல, செடி. கற்றாழையும் முட்புதர்களும் நெருக்கி வளர்த்து, இடையிடையே பனையும் தென்னையும் நின்ற உயிர்வேலி. வடக்கே கடலோரத்தில் தொடங்கி, மேற்கே வளைந்து, தெற்கே அரியாங்குப்பம் ஆற்றைத் தொட்டது. உள்ளே நுழையும் பாதைகளில் மட்டும் வேலிக்கு இடைவெளி விட்டு, அங்கே பீரங்கி மேடைகள் போட்டிருந்தார்கள். அக்காலப் போர்களை எழுதிய ஆங்கிலேயர் ராபர்ட் ஓர்ம் இந்த வேலியை நிதானமாக வர்ணித்திருக்கிறார்.

குதிரைப்படைக்கு அஞ்சி வளர்த்த வேலி அது. 1740-41இல் மராட்டியப் படை கர்நாடகப் பகுதியைச் சூறையாடியபோது தென்னாடே நடுங்கியது. கல் மதில் என்றால் பீரங்கியால் உடைக்கலாம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கற்றாழைக் காட்டைக் குதிரையும் தாண்டாது, குண்டும் துளைத்து வழி போடாது. ராணுவப் பயன் அது மட்டும் அல்ல. வேலிக்குள் அடங்கிய ஊர்களில் விளைந்த நெல்லும், மேய்ந்த மாடும் முற்றுகைக் காலத்தில் நகரத்துக்குச் சோறு போட்டன.

1760 செப்டம்பரில், புதுச்சேரியை முற்றுகையிட்ட ஆங்கிலேயப் படை இந்த வேலியைக் கைப்பற்றியதும் நகரத்தின் சாப்பாட்டுக் கணக்கு முடிந்துவிட்டது. நவம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி, சாப்பாட்டு வாய்களைக் குறைக்க, தமிழ் மக்கள் சுமார் 1,400 பேரை நகரத்தைவிட்டு விரட்டினார். ஆங்கிலேயர்கள் அவர்களை எல்லை தாண்ட விடவில்லை. மதிலுக்கும் வேலிக்கும் இடைப்பட்ட நிலத்தில் ஒரு வாரம் புல்வேரைத் தோண்டித் தின்று கிடந்தார்கள். 1761 ஜனவரி 1 அன்று புயல் வேறு அடித்தது. நகரத்தின் அன்றாடத்தைக் கால் நூற்றாண்டு நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதே மாதத்தில், சரணடைவதற்குச் சில நாள் முன்பு, கண்மூடினார். ஜனவரி 16இல் புதுச்சேரி வீழ்ந்தது. அதன் பிறகு ஆங்கிலேயர்கள் கோட்டையையும் மதிலையும் மாளிகைகளையும் வெடி வைத்துத் தரைமட்டமாக்கினார்கள்.

அந்த இடிபாடுகள் ஒரு விசித்திரமான விருந்தாளிக்குப் பயன்பட்டன. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து கிளம்பிய வானியலாளர் லெ ஜான்தீல், 1761 கடப்பைக் கப்பலில் ஆடிக்கொண்டே பார்த்துக் கணக்கெடுக்க முடியாமல் போனவர். அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் கீழ்த்திசையிலேயே தங்கினார். 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின் மேல் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 அதிகாலை. அதற்கு முந்தைய நாட்களெல்லாம் தெளிந்திருந்த வானம், கடப்பு நடந்த நேரம் மட்டும் மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்ததும் வெயில் வந்தது.

கோட்டை இருந்த அந்தப் பகுதியில்தான் இன்று பாரதி பூங்கா இருக்கிறது. மதில் நிரந்தரமாகத் திரும்ப எழாமல் போனதற்கு ஓர் உடன்படிக்கை காரணம். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை மீட்டார்கள், இழந்தார்கள், மறுபடி மீட்டார்கள். நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1814 பாரீஸ் உடன்படிக்கையின்படி இந்தியப் பகுதிகள் பிரான்சுக்குத் திரும்பின. ஆனால் அங்கே கோட்டை கட்டக் கூடாது, காவலுக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. மதில் ஓடிய கோட்டின் மேல் சாலைகள் வந்தன. ஊரைச் சுற்றி முட்டை வடிவில் வளையும் புல்வார் என்ற நான்கு அகன்ற சாலைகளின் பிறப்பு அதுதான்: வடக்கே இன்றைய சர்தார் வல்லபாய் பட்டேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை. கோட்டை போன வெற்று நிலத்தைச் சுற்றி அரசுக் கட்டடங்கள் எழுந்தன. பிரிட்டிஷ் வலிமை போட்ட ஒரு நிபந்தனையால், நகரத்தின் நெஞ்சுப் பகுதி படைக்குப் போகாமல் மரத்துக்குப் போனது.

தண்ணீர் கொண்டுவந்த பூங்கா

பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் வெள்ளை மண்டபத்தின் படம் புதுச்சேரி அரசின் சின்னத்திலேயே இருக்கிறது. கிரேக்க, ரோமானியப் பாணியில் தூண்களும் வளைவுகளும். பார்த்தால் ஏதோ பேரரசனின் வெற்றிக்குக் கட்டியது போலத் தெரியும். பெயரோ ஆயி மண்டபம்.

ஆயி யார் என்பதை ஊர்க் கதைதான் சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டு. விஜயநகர மன்னர் ஒருவர், கிருஷ்ணதேவராயர் என்றே பலரும் சொல்வார்கள், இந்த வழியாகப் போகிறார். விளக்குகள் எரிய ஒளிரும் ஒரு மாளிகையைக் கண்டு கோயில் என்று நினைத்துக் கும்பிடுகிறார். அது தாசி ஆயியின் வீடு என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னதும் கோபம் வருகிறது. வீட்டை இடிக்க ஆணையிடுகிறார். தன் கையாலேயே இடித்துவிடுகிறேன், அவகாசம் மட்டும் கொடுங்கள் என்று ஆயி கேட்கிறாள். வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊர் மக்களுக்குக் குளம் வெட்டுகிறாள். நகரத்துக்கு மேற்கே முத்திரப்பாளையத்தில் இருப்பது அந்தக் குளம்தான் என்பது கதை.

கதையிலிருந்து வரலாற்றுக்கு வந்தால், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளையர் நகரத்துக்கு நல்ல தண்ணீர் இல்லை. கடல் பக்கத்திலேயே இருப்பதால் கிணறுகள் கரித்தன. பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆட்சி, 1852 முதல் 1870 வரை. புதுச்சேரியில் பொதுப்பணிப் பொறியாளராக இருந்த லமெரெஸ், 1860களில் முத்திரப்பாளையத்து நீரை நகரத்துக்குக் கொண்டுவந்தார். ஆயியின் கதையைக் கேட்ட பேரரசர் அவள் பேரில் நினைவுச் சின்னம் எழுப்பச் சொன்னதாக ஊரில் சொல்வார்கள். பேரரசர் சொன்னாரோ இல்லையோ, பிரெஞ்சு அரசு தன் தலைமைச் சதுக்கத்தின் நடுவில் ஒரு தமிழ்த் தாசியின் பெயரைத் தாங்கும் மண்டபத்தை நிறுத்தியது என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அதே ஊரில் முன்னாள் ஆளுநர் தூப்ளேக்ஸுக்குச் சிலை 1870இல்தான் வந்தது. அந்தச் சிலை இப்போது கடற்கரைச் சாலையின் தென்கோடியில், குழந்தைகள் பூங்காவில், ஊஞ்சலாடும் பிள்ளைகளுக்கு நடுவே நிற்கிறது. ஆயியை யாரும் இடம் மாற்றவில்லை.

பூங்காவைச் சுற்றி நடந்தால் இன்றும் அந்த ஏற்பாடு புரியும். ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை, பக்கத்திலேயே சட்டமன்றம், அருங்காட்சியகம். ஆட்சி செய்கிற கட்டடங்கள் விளிம்பில் நிற்க, தண்ணீருக்கு எழுப்பிய மண்டபம் நடுவில் இருக்கிறது. மதிய நேரத்தில் அலுவலக ஊழியர்கள் டிபன் பாக்ஸைத் திறப்பது அந்த மண்டபத்தைச் சுற்றியுள்ள மர நிழலில்தான்.

அவுரியும் கரும்பும்

தாவரவியல் பூங்காவின் கதை இன்னும் சுவையானது. புதுச்சேரியின் பூங்காக்களில் உலக வரைபடத்தை விரித்துவைத்துப் படிக்க வேண்டிய வரலாறு இதற்குத்தான் உண்டு.

ஊர் பிரான்சின் கைக்குத் திரும்பிய 1816இலேயே தாவரவியலாளர் ஒருவரை இங்கே அனுப்பினார்கள். பெயர் லெஷனோல் தெ லா தூர். ஏற்கெனவே போதேன் தலைமையில் ஆஸ்திரேலியா வரை போன கடற்பயணத்தில் பணியாற்றியவர். சென்னை மாகாணம், வங்காளம், இலங்கை என்று அலைந்து செடிகளையும் விதைகளையும் திரட்டி, இந்தியப் பெருங்கடலில் இருந்த பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குக் கப்பலேற்றினார். அதில் கரும்பு வகைகள் இரண்டு, பருத்தி வகைகள் ஆறு. அவர் தேடியது அழகுச் செடிகளை அல்ல, தீவுகளில் பணம் காய்க்கும் பயிர்களை என்பது இந்தப் பட்டியலிலேயே தெரிகிறது. பல பத்தாண்டுகள் கழித்து அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களில் வெட்டுக்கத்தி பிடித்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்க் கூலிகள். 1853இல் புதுச்சேரியிலிருந்து மர்த்தினிக்குக்கும் கூலிக் கப்பல் போனது. செடி போன வழியிலேயே ஆளும் போனார்கள். போனவர்களின் சந்ததியார் கோயில்களைச் சுற்றி இன்றும் வேம்பும் முருங்கையும் வளர்க்கிறார்கள்.

1826இல் தெபாசன் தெ ரிஷ்மோன் ஆளுநராக வந்தார். இரண்டே ஆண்டுதான் இருந்தார். அதற்குள் தாவரத் தோட்டம், இன்று ரோமென் ரோலான் பெயரைத் தாங்கும் பொது நூலகம், நவீன நூற்பாலைக்கான முயற்சி என்று அடுக்கடுக்காகத் தொடங்கி வைத்தார். நூலகமும் ஆலையும் தோட்டமும் ஒரே மூச்சில் வந்தது தற்செயல் அல்ல. கோட்டை கட்ட முடியாத காலனி வேறு எதனால் பிழைக்கும் என்ற கேள்விக்கு அவர் எழுதிய விடை அது. தோட்டத்தை நடத்த வந்த ஷார்ல் பெலான்ஷே, ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வராமல் காகசஸ், ஜார்ஜியா, ஆர்மீனியா, பாரசீகம் வழியாகத் தரைமார்க்கமாக வந்து சேர்ந்தவர்.

தோட்டத்துக்கு முகம் கொடுத்தவர் அடுத்து வந்த ஜார்ஜ் சாமுவேல் பெரோத்தே. சுவிட்சர்லாந்தில் 1793இல் பிறந்து, பாரீஸ் அரசுத் தாவரத் தோட்டத்தில் தோட்டக்காரராகத் தொடங்கியவர். 1819இல் கப்பலேறி ரீயூனியன், ஜாவா, பிலிப்பைன்ஸ் எல்லாம் சுற்றினார். பிறகு மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் அரசு வேளாண் பண்ணையை நடத்தினார். 1834இல் புதுச்சேரிக்கு வந்து ஐந்து ஆண்டு பணியாற்றினார். இடையில் ஐரோப்பா போய், 1843இல் திரும்பிவந்தவர் 1870இல் இங்கேயே இறந்தார்.

செனகலும் புதுச்சேரியும் அவருக்கு ஒரே வியாபாரத்தின் இரு முனைகள். அந்தக் காலத்தில் புதுச்சேரியின் பெரிய ஏற்றுமதி, அவுரி நீலத்தில் தோய்த்த கினித் துணி. அது பிரான்ஸ் வழியாகச் செனகலுக்குப் போகும். அங்கே ஆற்றங்கரைச் சந்தைகளில், சகாராவின் ஓரத்தில் வடிக்கும் கருவேலம் பிசினுக்குப் பண்டமாற்றாகக் கைமாறும். பிசின் ஐரோப்பிய ஆலைகளுக்கு. செனகலில் அவுரி பயிரிட்டுப் பார்த்திருந்த பெரோத்தே, சாயம் தோய்க்கிற ஊருக்கே வந்து சேர்ந்தார். 1842இல் அவுரிச் சாயத் தொழிலைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். புதுச்சேரியில் பட்டுப்புழு வளர்ப்புக்கும் முயன்றார். அந்தத் தோட்டம் அன்று ஒரு நாற்றங்கால்: வெளியிலிருந்து வரும் செடி இந்த மண்ணில் பிழைக்குமா, இங்கிருந்து போகும் செடி காலனிகளில் காய்க்குமா என்று பார்க்கும் இடம். பார்வையாளர் வரலாம், போகலாம். அவர்களுக்காக அது இயங்கவில்லை.

பெரோத்தே விடுமுறையைக்கூட வீணாக்கியவர் அல்ல. நீலகிரிக்குப் போய்த் தாவரங்களைத் திரட்டினார். பாம்புகளையும் விடவில்லை. நீலகிரி உயர்மலைப் புல்வெளிகளில் வாழும் ஒரு பச்சைப்பாம்பு இனம் அறிவியலில் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

அவருக்கும் முன்னோடி ஒருவர் உண்டு. பியேர் சொன்னெரா. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே இருந்த இயற்கையியலாளர். நம் சாம்பல் காட்டுக்கோழிக்கு அறிவியல் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பவர். புதுச்சேரிக்கு மேற்கே திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் கிடப்பதை 1781இல் ஐரோப்பியர்களுக்கு முதலில் எழுதியவரும் அவர்தான். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காவலில் தேசியக் கல்மரப் பூங்காவாக இருக்கிறது. குனிந்து பார்த்தால் பட்டையின் வெடிப்பும், முடிச்சும், வெட்டுமுகத்தில் வளையங்களும் அப்படியே தெரியும். தொட்டால் மட்டும் கல்லின் குளிர்ச்சி. செம்மண் மேட்டில் சிதறிக் கிடக்கும் அடிமரங்கள் எதற்கும் வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை. அவை அங்கே வளர்ந்தவை அல்ல என்பதும் வெள்ளம் அடித்துவந்து புதைத்தவை என்பதும் அதிலிருந்தே அறிஞர்கள் கண்ட முடிவு.

அவுரியின் காலம் செயற்கை நீலத்தோடு முடிந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மானிய ஆலைகள் நீலச் சாயத்தை மலிவாகச் செய்யத் தொடங்கியதும் இந்திய அவுரிக்கு மவுசு போனது. 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. தாவரத் தோட்டம் உள்ளூர் வேளாண் துறையின் கைக்கு வந்தது. 22 ஏக்கரில் மீன் காட்சியகம், இசைக்கேற்ப ஆடும் நீரூற்று, சிறுவர் ரயில் எல்லாம் ஒன்றொன்றாகச் சேர்ந்தன. வேலைக்கு வந்த தோட்டம் ஓய்வு பெற்ற கதை அதுதான். மரத்தடிப் பெயர்ப்பலகைகளில் இருக்கும் லத்தீன் பெயர்களும் பிறப்பிட நாடுகளும் பழைய உத்தியோகத்தை இன்னும் சொல்கின்றன.

தோப்பும் புயலும்

நகரத்துக்கு வடக்கே முத்தியால்பேட்டை, கருவடிக்குப்பம் பக்கம் வெள்ளையர் நட்ட தோட்டங்கள் இல்லை. தமிழ்க் குடும்பங்களின் தோப்புகள். மாங்காய்க்கும் தேங்காய்க்கும் வைத்த தனியார் சொத்து. 1908இல் பிரிட்டிஷ் இந்தியப் போலீசிடமிருந்து தப்பிப் புதுச்சேரிக்கு வந்த பாரதி, பத்து ஆண்டுகள் இங்கே இருந்தார். அவர் வீட்டு வாசலில் உளவாளிகள் காத்துக் கிடந்த காலம். மூச்சுவிட அவர் போன இடங்களில் ஒன்று, சித்தானந்த சுவாமி கோயிலை அடுத்து, அன்பர் கிருஷ்ணசாமி செட்டியாருக்குச் சொந்தமான தோப்பு. குயில் பாட்டு பிறந்த இடம் என்று அதைத்தான் காட்டுகிறார்கள். குயில் தோப்பு என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. நகரத்தின் நடுப் பூங்காவுக்குப் பாரதி பெயரை வைத்தது பிற்காலத்தவர் செயல். அவர் கால்பட்ட பசுமை ஊருக்கு வெளியே இருந்தது.

1916 நவம்பர் 22, புதன்கிழமை இரவு புதுச்சேரியைப் பெரும் புயல் தாக்கியது. நள வருஷம் கார்த்திகை 8 என்று தேதி போட்டே பாரதி அதைப் பாட்டாக எழுதினார். மறுநாள் ஊரெங்கும் மரங்கள் சாய்ந்து கிடக்க, தப்பி நின்ற ஒரு தோப்பைக் கண்டு எழுதிய இன்னொரு பாட்டின் தலைப்பு ‘பிழைத்த தென்னந்தோப்பு’. தமிழ்க் கவிதையில் தேதியும் சேதமும் குறித்து இவ்வளவு நேரடியாக எழுதிய வேறு புயல் பாட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கடற்கரையில் மரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது புயல்தான். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியபோது புல்வார்களில் நின்ற பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து தெருவை மறித்தன. தாவரவியல் பூங்காவும் தப்பவில்லை. மின்கம்பிகளும் சேர்ந்து விழுந்ததால் ஊர் பல நாள் இருட்டில் கிடந்தது. 2020இல் நிவர். 2024 நவம்பர் 30இல் பெஞ்சல், ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழையைக் கொட்டிவிட்டுப் போனது. நூறு வயது மரம் என்று புதுச்சேரியில் ஒன்றைக் காட்டினால், அது எத்தனை புயலுக்குத் தப்பியது என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சாமி காத்த காடு, ஆள் வளர்த்த காடு

புயலுக்கு ஈடுகொடுக்கத் தெரிந்த காடு ஒன்று இங்கே உண்டு. ஓங்கி வளராது. குட்டையாக, நெருக்கமாக, கொடிகளால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கோடையிலும் இலை உதிர்க்காமல் நிற்கும். சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு அது. ஒருகாலத்தில் கரை நெடுக இருந்தது. விறகுக்கும் உழவுக்கும் போனது போக, இன்று மிச்சம் இருப்பது பெரும்பாலும் கோயில் காடுகளாகத்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டினால் வரும் கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலின் காடு அப்படிப்பட்டது. காயா, வீரை, உலக்கைப்பாலை, நாவல் என்று மரங்கள். காய்ந்த சுள்ளியைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அய்யனார் காடுகளில் வழிவழியாக வரும் கட்டுப்பாடு. வேட்டை கூடாது, கத்தி கூடாது. வனத்துறை, வனச்சட்டம் எல்லாம் வருவதற்கு முன்பே குதிரை மேல் காவல் சுற்றும் அய்யனார் இந்த ஊர்களின் வனக்காவலர்.

1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் காடுகளுக்குத் தாவர வரைபடங்கள் தயாரித்தது. அதன் உலர்தாவரத் தொகுப்பு இன்றும் ஆய்வாளர்களுக்குக் கைகொடுக்கிறது. 1985இல் அமைந்த புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ்புத்துப்பட்டு பக்கத்து ஊர். அதன் ஆய்வாளர்கள் இந்தக் கோயில் காடுகளில் மரம் மரமாக எண்ணி, அளந்து கட்டுரைகள் எழுதினார்கள். பெரோத்தே காலத்துத் தாவரவியல் இங்கே எதைக் கொண்டுவரலாம் என்று பார்த்தது. பின்னால் வந்தவர்கள், ஏற்கெனவே இருப்பது என்ன என்று பார்த்தார்கள்.

அந்தக் கணக்கு ஆரோவில்லுக்கு உதவியது. 1968 பிப்ரவரி 28 அன்று, நகரத்துக்கு வடக்கே, இன்றைய விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள், செம்மண் மேட்டில் ஒரு ஆலமரத்துக்குப் பக்கத்தில் 124 நாடுகளின் மண்ணைத் தாமரை வடிவத் தாழியில் போட்டு ஆரோவில் தொடங்கியது. அப்போது எடுத்த படங்களில் அந்த ஆலமரத்தைத் தவிரச் சொல்லும்படியான நிழல் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து, ஓடைகளில் சிவப்பாக ஓடிக் கடலில் கலந்தது. வந்து குடியேறியவர்கள் வீடு கட்டுவதற்கு முன்பே வரப்பு போட வேண்டியிருந்தது. சரிவுக்குக் குறுக்கே மண்வரப்பு, ஓடைகளில் தடுப்பணை, பிறகு நாற்று. எது வளரும் என்று தெரியாததால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கத்திச்சவுக்கு போன்ற சீக்கிரம் வளரும் மரங்களை முதலில் நட்டார்கள். அவை இலை கொட்டி, மண்ணைத் தேற்றிய பிறகு, கோயில் காடுகளிலிருந்து விதை பொறுக்கி வந்து ஊர் மரங்களைப் போட்டார்கள். ஆடு மேயாமல் காவல் காத்ததிலும், குழி வெட்டித் தண்ணீர் சுமந்ததிலும் சுற்றுக் கிராமத்துத் தமிழர்களின் உழைப்பு பெரிது. லட்சக்கணக்கான மரங்கள் எழுந்தன. நிழலும் பறவையும் பின்னால் வந்தன. முதல் நோக்கம் மண்ணும் நிலத்தடி நீரும்.

அந்தக் காட்டுக்கும் சோதனை வந்தது. ஆரோவில் நகரத் திட்டத்தில் வட்டச் சாலை ஒன்று உண்டு. அதற்காக 2021 டிசம்பரில் மரங்களை வெட்டத் தொடங்கியபோது குடியிருப்பாளர்களே குறுக்கே நின்றார்கள். பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் கட்டுப்பாடுகள் விதித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நகரம் கட்ட வந்த இடத்தில் காடு முளைத்துவிட்டது, இனி இரண்டில் எது முதல் என்பதுதான் அங்கே சண்டை.

மேற்கே ஊசுட்டேரியில் சண்டை வேறு மாதிரி. புதுச்சேரிப் பகுதியின் மிகப் பெரிய நீர்நிலை அது, ஏறத்தாழ 800 ஹெக்டேர். பாசனத்துக்கு வெட்டியது. சுற்றுப்புறக் கிணறுகளுக்கு ஊற்றும் அதுதான். ஏரியின் ஒரு பாதி புதுச்சேரி, மறு பாதி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஊர் ஊராகப் பங்கு பிரித்துக்கொண்ட எல்லைக்கோடு தண்ணீரின் நடுவே ஓடுகிறது. குளிர்காலத்தில் கூழைக்கடாவும், நாரைகளும், வாத்து இனங்களும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்க, 2008இல் புதுச்சேரி தன் பாதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பாதியை அறிவிக்க 2015 ஆனது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் ஒரே ஏரியில் நீந்திய ஒரே வாத்து, கிழக்கே வந்தால் சரணாலயப் பறவை, மேற்கே போனால் சாதாரணப் பறவை. இப்போது இரு பக்கமும் சரணாலயம்தான். ஆனால் ஏரி ஒன்றுக்கு வனத்துறை இரண்டு, வருவாய்த் துறை இரண்டு, மதகிலிருந்து நீர் கேட்கும் உழவர்களும் இரண்டு அரசின் குடிமக்கள். படகுச் சவாரிக்கு வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. பறவை பார்க்க வருகிறவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள், வெயில் ஏறுவதற்கு முன் கரைக்கு வந்துவிட வேண்டும்.